வலிக்குமாண்ணே?

கையில பச்சை குத்தியிருக்கிறவன்கிட்ட எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, "எவ்வளவு ஆச்சு?" ரெண்டாவது கேள்வியைக் குரலைக் கொஞ்சம் தணிச்சுத்தான் கேப்பாங்க: "வலிக்குமாண்ணே?" போன வருஷம் நான் டாட்டூ போட்டுட்டு வந்ததிலேர்ந்து ஹாஸ்டல்ல இதைக் கேட்காத ஆள் கம்மி. ஃபர்ஸ்ட் இயர் பசங்க மெஸ் வரிசையில நின்னுகிட்டே கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது. அதனால இங்க எழுதிடுறேன்.

வலிக்கும். எவனாவது "எறும்பு கடிச்ச மாதிரிதான் மச்சான்" என்று சொன்னால் நம்பாதீங்க. மெஷின் ஊசி மேல்தோலைத் தாண்டி, ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துல இருக்கிற உள்தோலுக்கு மையைக் கொண்டு போகுது. மேல்தோல் உதிர்ந்து புதுசாகிட்டே இருக்கும், அங்க வச்ச மை தங்காது. அதனால அந்த ஆழம் வரைக்கும் போய்த்தான் ஆகணும். தோள்பட்டையிலயும் முன்கையிலயும் சூடு வைக்கிற மாதிரி ஒரு எரிச்சல். விலா எலும்பு, கணுக்கால், முழங்கை மடிப்பு எல்லாம் வேற கதை. முதல் 10 நிமிஷம் "ஏண்டா வந்தோம்"னு இருக்கும். அப்புறம் ஒரு மாதிரி மரத்துப் பழகிடும். ரெண்டு மணி நேரம் தாண்டினா, பழகுன வலி மறுபடியும் புதுசா வரும்.

சரி, இதைத் தாங்குறது எப்படி? இந்தக் கேள்வியை நான் கேட்டது எங்க அப்பத்தாகிட்ட.

அப்பத்தாவுக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஊர். எண்பது தாண்டிடுச்சு. முன்கையில கோலமும் புள்ளிகளுமா பச்சை, காது தோளைத் தொடுற அளவுக்குத் தொங்கும். நம்ம மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்துப் பாட்டிகளைப் பார்த்திருந்தா உங்களுக்குத் தெரியும். பச்சைப் பிள்ளையிலேயே காதைக் குத்தி, பஞ்சைத் திணிச்சு, ஓட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாப் பெருசாக்கி, அப்புறம் கனமான ஈயக் குணுக்கைத் தொங்கவிட்டு மாசக்கணக்குல வளர்ப்பாங்க. பெரிய மனுஷியானதும் தண்டட்டி, பாம்படம். இன்னைக்கு நம்ம க்ளாஸ்ல ஒருத்தன் காதுல 'டனல்' மாட்டிக்கிட்டு வந்தா ஹெச்ஓடி கூப்பிட்டு விசாரிக்கிறார். அவரோட பாட்டி காதைப் போய்ப் பார்க்கச் சொல்லணும்.

காலம் மாறினப்போ, தொங்குற காது பட்டிக்காட்டு அடையாளம்னு ஆகிப் போச்சு. வளர்த்த காதையே அறுத்துத் தைச்சுக்கிட்ட பெண்கள் நிறைய பேர். அப்பத்தாவையும் தைக்கச் சொல்லியிருக்காங்க. "வளக்குறதுக்கு ஒரு வலி, வெட்டுறதுக்கு ஒரு வலியா? போங்கடா"ன்னு சொல்லிட்டதாம்.

பச்சை குத்துன அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேட்டேன். வலியைப் பத்தி அதுக்குப் பெருசா ஞாபகம் இல்ல. யார் யார் இருந்தாங்கங்கிறதுதான் ஞாபகம் இருக்கு. வீட்டுத் திண்ணை, குத்த வந்த குறத்தியம்மா, கையைப் பிடிச்சுக்கிட்ட அத்தை, சுத்தி உக்காந்து சிரிச்ச தோழிகள். குத்தக் குத்த அந்தம்மா பாட்டுப் பாடிக்கிட்டே இருந்துச்சாம். பாட்டு முடியறப்போ கோலமும் முடிஞ்சிருந்துச்சாம்.

அப்பத்தா கதை கட்டுதோன்னு எனக்கு ஒரு சந்தேகம். அப்புறம்தான் படிச்சேன். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளரா இருந்த எட்கர் தர்ஸ்டன், 1906-ல் வெளியிட்ட தென்னிந்திய இனவரைவியல் குறிப்புகளில் இதைப் பதிவு பண்ணியிருக்கார். ஊர் ஊராப் போய்ப் பச்சை குத்துற குறவர் பெண்கள், குத்திக்கிறவளுக்கு வலி தெரியாம இருக்கப் பாட்டுப் பாடுவாங்கன்னு. அவர் எழுதின மத்த பல விஷயங்கள் மேல எனக்குக் கோபம் உண்டு. மனுஷங்களைப் பூச்சி மாதிரி அளந்து வச்ச ஆள். ஆனா இந்தப் பாட்டை விட்டுவைக்காம எழுதினதுக்கு ஒரு நன்றி.

பாட்டு வலியைக் குறைக்குமா? குறைக்கும். 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற ரெண்டு பேர் 'சயன்ஸ்' இதழ்ல ஒரு கோட்பாட்டை வச்சாங்க. வலி நேரா மூளைக்குப் போற ஒத்தை வயர் கிடையாது, தண்டுவடத்துல ஒரு கேட் இருக்கு என்பதுதான் அது. ஈசிஇ மக்களே, உங்க கேட் மாதிரியேதான். தொடுதல், தேய்ச்சு விடுறது மாதிரியான மத்த இன்புட்டும் அங்க வருது. மேல மூளையிலேர்ந்தும் சிக்னல் இறங்குது. பயம், கவனம், எதிர்பார்ப்பு எல்லாம் சேர்ந்துதான் எவ்வளவு வலியை உள்ள விடுறதுன்னு முடிவாகுது. முட்டி இடிச்சா தேய்ச்சு விடுறோமே, அது சும்மா இல்ல. அந்தக் கோட்பாட்டோட நுணுக்கங்களை அப்புறம் வந்தவங்க திருத்தியிருக்காங்க. ஆனா அடிப்படை நிக்குது.

இதை நம்ம ஆட்கள் கோட்பாடு இல்லாமலேயே செஞ்சாங்க. காது குத்துல ஏன் குழந்தையைத் தாய்மாமன் மடியில உக்கார வைக்கணும்? அலகு குத்துறப்போ ஏன் பக்கத்துல மேளம் அடிக்கணும்? சிங்கப்பூர்ல தைப்பூச ஊர்வலத்துல 1973-ல் இசைக் கருவிகளுக்குத் தடை போட்டுட்டாங்க. காவடி எடுக்குறவங்க வருஷக்கணக்கா அதை எதிர்த்தாங்க. 2016-ல்தான் குறிப்பிட்ட சில இடங்கள்ல மட்டும் வாசிக்க அனுமதி திரும்பக் கிடைச்சது. அலங்காரத்துக்காக யாரும் அத்தனை வருஷம் சண்டை போட மாட்டாங்க. உடம்புல அலகு இருக்கிறப்போ மேளம் நின்னா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியும்.

மொரிஷியஸ் தீவுத் தமிழர்கள்கிட்ட நடத்தி 2013-ல் வெளிவந்த ஒரு ஆய்வு இன்னும் சுவாரசியம். அலகு குத்திக் காவடி எடுத்தவங்க, கோயில்ல கூட்டு வழிபாட்டுல மட்டும் கலந்துகிட்டவங்களை விட அதிகமா நன்கொடை போட்டாங்க. ஒரு குத்தும் வாங்காம கூடவே நடந்து வந்தவங்களும் அதே மாதிரி அதிகமா போட்டாங்க. கூட நடந்தவனும் அந்த வலியில ஒரு பங்கு எடுத்துக்கிட்ட மாதிரிதான் எனக்குப் படுது.

இப்ப நம்ம கதைக்கு வருவோம். நாம எப்படிப் போறோம்? வீட்டுக்குத் தெரியாம. வார்டனுக்குத் தெரியாம. பெரும்பாலும் தனியா. காதுல ஹெட்போன் மட்டும் துணை. வலிக்கும்ங்கிற பயத்துக்கு ஆன்லைன்ல ஒரு மரத்துப் போற கிரீம்.

என் நண்பன் ஒருத்தன் இப்படித்தான் போனான். பேர் வேண்டாம், அவனுக்குக் கல்யாணம் ஆகணும். முழங்கையிலேர்ந்து மணிக்கட்டு வரை கிரீமைப் பூசி, மேல பிளாஸ்டிக் பேப்பரைச் சுத்திக்கிட்டுப் பஸ் ஏறினான். உக்காந்தவனுக்கு ஒண்ணுமே தெரியல. ரெண்டு தடவையாப் போட வேண்டிய டிசைனை "வலிக்கவே இல்ல, முடிச்சிருங்கண்ணே"ன்னு ஒரே மூச்சுல 5 மணி நேரம் போட்டான். போட்டவரும் காசு வந்தாப் போதும்னு போட்டார். திரும்பி வர்ற பஸ்லயே கிரீம் இறங்கிடுச்சு. அந்த வார லீவுக்கு வீட்டுக்குப் போனவன், அப்பா பார்த்துடக் கூடாதுன்னு மே மாச வெயில்ல முழுக்கை சட்டை. நம்ம ஊர் மே மாசம்! வேர்வையும் துணியும் உரசி உரசி மூணாம் நாள் கை வீங்கிச் சீழ் பிடிச்சுது. காய்ச்சல். அப்பவும் சொல்லல, டோலோ போட்டுக்கிட்டுப் படுத்திருந்தான். அஞ்சாம் நாள் அவன் அக்கா சட்டையை இழுத்துப் பார்த்துட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போச்சு. இன்னைக்கு அவன் கையில இருக்கிறது சிறகா, வாழை மட்டையான்னு அவனுக்கே தெரியாது.

அவனைக் கிண்டல் பண்ண இதைச் சொல்லல. வலி ஒரு பிரேக். "போதும், இன்னைக்கு இத்தோட நிறுத்து"ன்னு உடம்பு சொல்ற ஒரே மொழி அது. பிரேக் வயரை அறுத்துட்டு வண்டி ஸ்மூத்தா ஓடுதுன்னு சந்தோஷப்படக் கூடாதுல்ல. அந்த கிரீமும் சாதாரணச் சாமான் இல்ல. லிடோகெய்ன் மாதிரியான மருந்து அது. அளவுக்கு மேல, பெரிய பரப்புல பூசிப் பிளாஸ்டிக் சுத்தினா ரத்தத்துல கலந்து வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம்னு அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 மார்ச்ல எச்சரிச்சது. டாட்டூவுக்குன்னு விக்கிற சில கிரீம்கள்ல அங்க அனுமதிச்ச 4 சதவீதத்தை விடப் பல மடங்கு இருந்ததால வந்த எச்சரிக்கை அது. கிரீம் வேணும்னா தோல் டாக்டர்கிட்ட கேளுங்க. ராஜாஜி ஆஸ்பத்திரியில தோல் பிரிவு இருக்கு.

இதோட கடைசிப் படி எதுன்னு திருச்சியில பார்த்தோம். 2024 டிசம்பர்ல, டாட்டூ கடை நடத்தின ரெண்டு இளைஞர்களைப் போலீஸ் கைது பண்ணுச்சு. மருத்துவம் படிக்காமலேயே நாக்கை ரெண்டாப் பிளந்து விட்டு, அதை ரீல்ஸாவும் போட்டிருந்தாங்க. மாநகராட்சி கடைக்குச் சீல் வச்சது. செய்தி வந்தப்போ எல்லாரும் "பாம்பு நாக்கு"ன்னு மீம் போட்டோம். நான் யோசிச்சது வேற. நாக்கை அறுக்க, மரத்துப் போகாம எவனாவது காட்டுவானா? அப்படி மரக்க வைக்கிறது மயக்கவியல் படிச்ச டாக்டரோட வேலை. மூச்சு நின்னா அடுத்த நிமிஷம் என்ன செய்யணும்னு தெரிஞ்சவரோட வேலை. நாக்கு ரத்தக்குழாய் நிறைஞ்ச தசை வேற. கத்தியை விட அதுக்கு முன்னாடி ஏத்துற ஊசிதான் எனக்குப் பயம்.

பெண்களுக்கு ஒண்ணு. காது மடல் குத்துறதும் காதோட மேல்பக்கக் குருத்தெலும்புல குத்துறதும் ஒண்ணு இல்ல. குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது, ஆற மாசக்கணக்காகும். ஃபேன்சி கடையில துப்பாக்கி மாதிரி ஒண்ணை வச்சு 'டப்'புனு அடிக்கிறாங்களே, மேல்பக்கத்துக்கு அது ஆகவே ஆகாது. புது ஊசிதான் சரி. அங்க சீழ் பிடிச்சா காதோட வடிவமே சுருங்கிப் போயிடும்.

நான் போனப்போ என்ன செஞ்சேன்னு கேட்டீங்கன்னா: காலையில நாலு இட்லி, வழியில ஒரு ஜிகர்தண்டா. வெறும் வயித்துல போனா மயங்கி விழுவீங்க, அதுக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்ல. முந்தின நாள் தண்ணி அடிக்கல, ஆஸ்பிரின் போடல, ரெண்டுமே ரத்தக் கசிவைக் கூட்டும். என் கண் முன்னாடி புது ஊசி பாக்கெட்டைப் பிரிக்கச் சொன்னேன். திருவிழாவுல ரோட்டோரம் ஒரே ஊசியை, ஒரே மைக் கிண்ணத்துல தோய்ச்சு வரிசையாக் குத்துறாங்களே, அங்க உக்காராதீங்க. ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியில 7 நாள் வரைக்கும் உயிரோட இருக்கும். அதுக்குத் தடுப்பூசி இருக்கு, போடாதவங்க போட்டுக்கங்க. மூச்சை மெதுவா, நீளமா விட்டேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு மூச்சை அடக்கினா வலி ரெண்டு மடங்கு. ஒன்றரை மணி நேரத்துல நானே நிறுத்தச் சொன்னேன், மிச்சத்தை ஒரு மாசம் கழிச்சுப் போட்டேன். முக்கியமா, ரூம்மேட்டைக் கூட்டிட்டுப் போனேன். அவன் குறத்தியம்மா மாதிரி பாடல. கிரெடிட் கார்டு கம்பெனிக்காரன்கிட்ட அவன் போட்ட சண்டையை ஒன்றரை மணி நேரம் விடாம சொன்னான். அதுவும் வேலை செஞ்சுது.

வீட்டுல சொன்னேனா? குத்தறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி அம்மாகிட்ட சொன்னேன். அம்மா அழுதுச்சு, அப்பா ஒரு வாரம் பேசல. அந்த வலி ஊசி வலியை விட ஜாஸ்திதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஆறாம் நாள் கை கொஞ்சம் சிவந்தப்போ அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்ட முடிஞ்சது. அப்பத்தா பார்த்துட்டு கேட்டது ஒரே கேள்வி: "கூட யாருடா இருந்தா?"

உங்கள்ல வீட்டுல சொல்லவே முடியாதவங்க இருப்பீங்க, அது எனக்குத் தெரியும். குறிப்பாப் பொண்ணுங்க. அவங்களுக்கு நான் சொல்றது இவ்வளவுதான்: ஒருத்தர்கிட்டயாவது சொல்லிட்டுப் போங்க. ஒரு வாரம் அந்தக் கையைத் தினமும் பார்க்க ஒரு ஆள் வேணும்.

ராணுவத்துக்குப் போற ஐடியா இருக்கிறவங்க டிசைன் பார்க்குறதுக்கு முன்னாடி விதியைப் பாருங்க. முன்கையோட உள்பக்கமும் புறங்கையும்தான் பொதுவா அனுமதி, வேற இடத்துல இருந்தா சிக்கல். லேசர்ல அழிக்கிறது பல தடவை போற வேலை. போட்டதை விட அது ஜாஸ்தி வலின்னு அழிச்சவங்க சொல்றாங்க.

அப்புறம், என்எஸ்எஸ் ரத்த தான முகாம் சீக்கிரம் வருது. நம்ம நாட்டு விதிப்படி பச்சை குத்தினாலோ உடம்புல எங்க துளை போட்டாலோ 12 மாசத்துக்கு ரத்தம் குடுக்க முடியாது. என்னை வரிசையிலேர்ந்து திருப்பி அனுப்பிட்டாங்க. குத்திக்கப் போறவங்க முகாமுக்குப் போய் ரத்தத்தைக் குடுத்துட்டு, ரெண்டு வாரம் நல்லாச் சாப்பிட்டுட்டு அப்புறம் போங்க. ஊசி பழகின மாதிரியும் ஆச்சு, பிஸ்கட்டும் ஜூஸும் ஃப்ரீ.