உலைக்களம் திரும்பாத ஆயுதம்

தருமபுரி அருங்காட்சியகத்து நடுகற்களில் வில்லும் குறுவாளும் ஏந்தி நிற்பவன் பெயரற்றவன் அல்லன். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டில், எந்த ஆநிரைப் பூசலில் பட்டான் என்பதை வட்டெழுத்து சொல்லிவிடுகிறது.

இதே தகடூரை ஆண்ட அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவை, அங்கே நெய் பூசி மாலை சூட்டிய படைக்கலங்களைக் கண்டார். தம் தலைவனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார் (புறநானூறு, 95). இதை அங்கதமாகவே படித்துப் பழகிவிட்டோம். உலைக்களம் ஒரு கணக்கேடும்கூட. முறிந்த ஒவ்வொரு வேலும், ஒருவன் இன்னொருவனை அருகில் நின்று குத்தியதற்குச் சாட்சி.

இலக்கில் மோதித் தானும் சிதறும் ஆளில்லா விமானம் எந்தக் கொல்லனிடமும் திரும்புவதில்லை. 2020இல் நகோர்னோ-கராபாக்கிலும், 2022க்குப் பின் உக்ரைனிலும் அதைக் கண்டோம். அடுத்த படி, இலக்கையும் இயந்திரமே தேர்வது. அத்தகைய ஆயுதங்கள் குறித்துக் கவலை தெரிவித்து 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானத்தை இந்தியா எதிர்த்து வாக்களித்தது. வீரயுகப் பெருமையில் திளைக்கும் நாம் (இக்கட்டுரையாளர் உட்பட) அதைக் கவனிக்கவே இல்லை.

இயந்திரம் போரிட்டால் நம் பிள்ளைகள் உயிர் பிழைப்பார்கள் என்பது எளிதில் ஒதுக்கத்தக்க வாதமன்று. ஆயினும் கொல்லும் முடிவை ஒரு மனிதன் எடுத்தாக வேண்டும், அவன் பெயர் எங்கேனும் பதிவாக வேண்டும் என்றே கருதுகிறோம். நாளை தவறுதலாக ஒரு திருமணக் கூட்டம் எரிந்துபோனால், யாருடைய பெயரைக் கேட்பது? மென்பொருளின் பதிப்பு எண்ணையா?