ரொட்டி ஃப்ரீ... பொம்மை பெருசு!

டிராமா பார்க்கப் போனா என்ன தருவாங்க? டிக்கெட்டைக் கிழிச்சு பாதியைத் தருவாங்க. இந்த வாரம் நாம பார்க்கப்போற குரூப், ஷோ முடிஞ்சதும் ஆளுக்கு ஒரு துண்டு ரொட்டி தருது. மேலே பூண்டும் எண்ணெயும் சேர்த்து அரைச்ச சட்னி மாதிரி ஒண்ணு. கடையில வாங்கின ரொட்டி இல்லை பாஸ்... டிராமா போடுறவங்களே அடுப்பு மூட்டிச் சுட்டது!

குரூப்போட பேரே 'பிரெட் அண்ட் பப்பெட் தியேட்டர்'. இருக்கிற இடம், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் கனடா எல்லையை ஒட்டிக் கிடக்கிற வெர்மான்ட் மாநிலம். அங்கே க்ளோவர்னு ஒரு குட்டி ஊர். ஊருக்கு வெளியே ஒரு பண்ணை. தோட்ட வேலை பார்த்த கையே பொம்மை செய்யும், பொம்மை செஞ்ச கையே மாவு பிசையும்.

ஆரம்பிச்சவர் பீட்டர் ஷூமான். 1934-ல் அன்றைய ஜெர்மனியின் சைலீசியா பகுதியில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போர் முடியுற நேரத்துல குடும்பத்தோட அகதியா ஊரைவிட்டு ஓடின சின்னப் பையன். அன்னைக்கு அம்மா சுட்டுக் கொடுத்த ரொட்டிதான் இன்னைக்கும் அங்கே ரெசிபி. கோதுமைக்குப் பங்காளியான 'ரை'ங்கிற தானியத்தை அரைச்சு, நம்ம இட்லி மாவு மாதிரி புளிக்கவெச்சு சுடுறது. பஞ்சு மாதிரி எல்லாம் இருக்காது. கறுப்பா, கெட்டியா, தாடைக்கு வேலை வைக்கிற ரொட்டி. சோறு மாதிரிதான் கலையும், அது இல்லாம மனுஷன் இருக்க முடியாதுங்கிறது அவர் கட்சி. அதைப் பேசிப் புரியவைக்கிறதைவிட, கையில ஒரு துண்டைக் கொடுத்துடுறது ஈஸியில்ல?

1963-ல் நியூயார்க்கில் ஆரம்பிச்சாங்க. வியட்நாம் போரை எதிர்த்து ஊர்வலம் போனப்போ கூட்டத்துக்கு மேலே, மாடி ஜன்னல் உயரத்துக்கு இவங்க பொம்மைகள் நடந்து போச்சு. நான் மெக்கானிக்கல் ஸ்டூடன்ட்ங்கிறதால முதல்ல தேடினது, 'இதை எப்படிடா தூக்குறாங்க?' விஷயம் சிம்பிள். களிமண்ணுல முகத்தைச் செஞ்சு, அதுமேல பசை தடவின காகிதத்தை அடுக்கடுக்கா ஒட்டி, காய்ஞ்சதும் உரிச்சு எடுத்துடுறாங்க. நம்ம காகிதக்கூழ் கொலு பொம்மைக்குத் தூரத்துச் சொந்தம். உள்ளே வெத்துதான், அதனால வெயிட்டே இல்லை. முகத்தை ஒரு கழியில மாட்டி ஒருத்தர் பிடிப்பார். வலது கைக்கு ஒரு ஆள், இடது கைக்கு ஒரு ஆள். மூணு பேரும் ஒரே மூச்சுல நகர்ந்தாதான் அது மனுஷன். ஒருத்தன் சொதப்பினாலும் அது வெறும் அட்டை!

1970-ல் வெர்மான்ட்ல இருக்கிற காடர்ட் காலேஜ் இவங்களை அழைச்சு, தன் பண்ணையில தங்க இடம் கொடுத்தது. 1974-ல் க்ளோவருக்கு வந்துட்டாங்க. சரி, நியூயார்க் தெருவுல பொம்மை தூக்கினவங்களுக்கு விவசாயம் எங்கேயிருந்து வந்தது?

இங்கேதான் எல்கா என்ட்ரி. பீட்டரோட மனைவி. போஸ்டர்ல பெருசா தெரியுறது பீட்டர் பேருதான். ஆனா, படிக்கப் படிக்க எனக்கு ஹீரோவா தெரிஞ்சது இவங்கதான். எல்காவோட தாத்தா ஸ்காட் நியரிங், பொருளாதாரப் பேராசிரியர். அவர் கருத்துகள் பிடிக்காம 1915-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரை வெளியே அனுப்பிடுச்சு. மனுஷன் 1932-ல் வெர்மான்ட் காட்டுப் பக்கம் போய், பின்னாடி மனைவியான ஹெலனோட சேர்ந்து தானே வீடு கட்டி, தானே காய்கறி போட்டு வாழ்ந்தார். கைச்செலவுக்கு மேப்பிள் பாகு காய்ச்சி வித்தார்!

மேப்பிள் பாகுன்னா நம்ம ஊர் பதநீர்க் கணக்குதான். பனிக்காலம் முடியுறப்போ மரத்துல சின்ன ஓட்டை போட்டா தண்ணி மாதிரி சாறு வடியும். அதை விறகு அடுப்புல வெச்சுக் காய்ச்சணும். சுமார் நாற்பது வாளி சாறு காய்ச்சினா ஒரு வாளி பாகு. இப்படி ஒரு எஃபிஷியன்ஸியை வைவாவுல சொன்னா எங்க டிபார்ட்மென்ட்ல துரத்திடுவாங்க. அந்தத் தாத்தாவோட பேத்தி க்ளோவர் பண்ணையில தானும் பாகு காய்ச்சினாங்க. பொம்மைகளை வெச்சிருக்கிற மியூசியத்தைப் பார்த்துக்கிட்டாங்க. பீட்டர் வரையறதை போஸ்டரா, புத்தகமா அச்சடிச்சு விக்கிற பிரஸ்ஸை நடத்தினாங்க. கம்பெனி ஸ்பான்சரை நம்பாத குரூப்புக்கு டூர் வருமானத்தோட இந்த போஸ்டர் காசும் முக்கியம். கலைக்கு யாரோ ஒருத்தர் கணக்கு எழுதணும் மக்களே!

விலையிலயும் இவங்க தனி. 1982-ல் ஒரு பழைய ஸ்கூல் பஸ்ஸைச் சுத்தி குட்டிக் குட்டி ஓவியங்களைத் தொங்கவிட்டு, பத்து சென்ட்ல ஆரம்பிச்சு சில டாலருக்குள்ள வித்தாங்க. பேரு 'சீப் ஆர்ட்'. கோடி ரூபாய்க்கு ஏலம் போய் லாக்கர்ல தூங்குற படம் யாருக்கு உபயோகம்னு ஒரு கோபம். மியூசியத்துலயும் அதே கதை. பெரிய பழைய மரக் களஞ்சியம் நிறைய பொம்மைகள். கண்ணாடிப் பெட்டி, ஏசி எல்லாம் கிடையாது. தூசி படியும், காகிதம் மெதுவா மக்கும். மக்கட்டும்னு விட்டுட்டாங்க. (எனக்கு இது மட்டும் ஜீரணமாகலை. ரெண்டு சிலிகா ஜெல் பாக்கெட்டாவது போட்டிருக்கலாம்!)

இனிதான் கஷ்டமான பார்ட். வருஷா வருஷம் கோடையில இவங்க நடத்தின 'டொமஸ்டிக் ரெஸரெக்‌ஷன் சர்க்கஸ்' ரொம்ப ஃபேமஸ். சரளைக்கல் தோண்டி எடுத்த பள்ளம்தான் அரங்கம். சுத்தியிருக்கிற சரிவுல ஜனங்க உட்காருவாங்க. டிக்கெட் கிடையாது, ரொட்டி உண்டு. கூட்டம் சேர்ந்துக்கிட்டே போய் 90-கள்ல பல்லாயிரம் ஆச்சு. கேம்ப் போட்டுத் தங்குறவங்க, நாடகத்துக்கே வராம குடிக்க மட்டும் வர்றவங்கன்னு ஆளே மாறிப்போச்சு. 1998 ஆகஸ்ட்ல, பக்கத்துல இருந்த ஒரு தனியார் கேம்ப்ல நடந்த அடிதடியில ஒருத்தர் செத்துப்போனார்.

சம்பவம் இவங்க இடத்துல நடக்கலை. செக்யூரிட்டி போடலாம், வேலி கட்டலாம், டிக்கெட் வைக்கலாம். நாம என்ன பண்ணியிருப்போம்? 'அடுத்த வருஷம் பவுன்சர் எக்ஸ்ட்ரா போடலாம் மச்சி'ன்னு மீட்டிங் முடிச்சிருப்போம். பீட்டர் அந்தப் பெரிய திருவிழாவையே நிறுத்திட்டார். அவ்வளவுதான். 1970-ல் ஆரம்பிச்சது, 1998-ஓட குளோஸ்.

முதல் தடவை படிச்சப்போ 'இது பயந்து ஓடுறதில்லையா?'ன்னுதான் தோணுச்சு. அப்புறம் பார்த்தா, இவங்க ஓடலை. கோடையில வாராவாரம் சின்னச் சின்ன ஷோவா மாத்திக்கிட்டாங்க. வந்தவங்களுக்கு ரொட்டி எட்டுற அளவுக்குக் கூட்டம். அதே பள்ளம், அதே பொம்மை. வளர்ந்த ஒண்ணைச் சின்னதாக்குறதுக்கும் தில்லு வேணும்னு இப்போ நினைக்கிறேன்.

ஆனா, ஒரு டவுட் எனக்குப் போகவே இல்லை. தன்னார்வமா வர்றவங்க உழைப்புலதான் இந்தப் பண்ணையும் நாடகமும் பெரும்பாலும் நடக்குது. எஜுகேஷன் லோன் தலைக்கு மேல தொங்குறவன் ஒரு கோடை முழுக்க அட்டை ஒட்டிக்கிட்டு இருக்க முடியுமா? லாஸ்ட் பெஞ்ச்ல பிரமாதமா டிராயிங் போடுற என் ஃப்ரெண்ட் முடியாதுன்னுதான் சொல்றான். அவன் சொல்றதும் நியாயம்தான். ரொட்டி ஃப்ரீயா தரலாம், வட்டியை யாரும் ஃப்ரீயா விட மாட்டாங்களே!

எல்கா 2021 ஆகஸ்ட்ல, 85 வயசுல காலமானாங்க. பீட்டர் 2024-ல் 90-ஐத் தொட்டார். தலைமுறை மாறிக்கிட்டு இருக்கு. எல்கா போன பிறகும் அந்தப் பள்ளத்துல கோடை ஷோ நடந்தது, ரொட்டிக்கு வரிசையும் நின்னது.

இந்தக் கதை முழுக்க ஹாஸ்டல்ல என் ரூம்மேட்டுக்குச் சொல்லி முடிச்சேன். போர், பொம்மை, பண்ணை, சர்க்கஸ் எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு அவன் கேட்ட ஒரே கேள்வி...

'சட்னி ரெண்டாவது தடவை கேட்டா போடுவாங்களாடா?'