யவன அரசுக்குத் தில்லியில் ஓர் இடம்

தில்லி ரெய்சினா குன்றின் வடக்கு, தெற்கு பிளாக்குகளில் புதிய தேசிய அருங்காட்சியகம் அமையவிருக்கிறது. ஜன்பத்திலிருந்து சேகரிப்புகள் இடம்பெயரும்போது எந்தக் காலத்துக்கு எவ்வளவு இடம் என்ற கேள்வி எழும். மௌரியருக்காகவும் குப்தருக்காகவும் சோழருக்காகவும் வாதாடப் பலர் இருப்பார்கள். யவன அரசு எனப்படும் இந்தோ-கிரேக்க அரசுக்காகப் பரிந்து பேசுவோர் அரிது. அதற்காகவே இந்தக் கட்டுரை.

பள்ளிப் பாடத்தில் கிரேக்கர் என்றால் கி.மு. 326இல் ஜீலம் கரையில் போரஸோடு பொருதிவிட்டுத் திரும்பிய அலெக்சாண்டர்தான். அவர் இந்திய மண்ணில் இருந்தது ஏறக்குறைய இரண்டே ஆண்டுகள். அவருக்குப் பின் பாக்திரியாவிலும் காபூல் பள்ளத்தாக்கிலும் பஞ்சாபிலும் நாற்பதுக்கும் மேற்பட்ட கிரேக்க அரசர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார்கள். அவர்களில் பெரும்பாலோரை நாம் அறிவது அவர்கள் அடித்த காசுகளால் மட்டுமே.

கி.மு. 323இல் அலெக்சாண்டர் இறந்ததும் தளபதிகள் பேரரசைக் கூறுபோட்டனர். கிழக்கு செலூக்கஸுக்குப் போனது. அவர் சந்திரகுப்த மௌரியரோடு மோதி, இறுதியில் இந்துகுஷ் மலைக்குத் தெற்கிலுள்ள நிலங்களை விட்டுக்கொடுத்து 500 யானைகளைப் பெற்றார். கி.மு. 301இல் இப்சஸ் போரில் அவர் பக்கம் வெல்ல அந்த யானைகள் உதவின. அரை நூற்றாண்டு கழித்து, செலூக்கஸின் வழிவந்தோர் மேற்கே எகிப்தோடு சண்டையிட்டுக் கொண்டிருந்தபோது, பாக்திரியாவின் ஆளுநர் டயோடோடஸ் தனியரசனானார். ஆமு தரியா ஆற்றுப் பாசனமும் குதிரை வளமும் அவருக்குத் துணை நின்றன.

பின்னர் அங்கே ஆட்சியைப் பிடித்தவர் யூதிடெமஸ். செலூக்கிய மன்னர் மூன்றாம் அந்தியோகஸ் அவர் தலைநகரை இரண்டாண்டு முற்றுகையிட்டார். அப்போது யூதிடெமஸ் சொல்லியனுப்பிய வாதத்தை வரலாற்றாசிரியர் பாலிபியஸ் பதிவு செய்திருக்கிறார். எல்லையில் நாடோடிக் கூட்டங்கள் காத்திருக்கின்றன. நாம் இருவரும் அடித்துக்கொண்டால் நாடு அவர்கள் கைக்குப் போகும் என்பதே அதன் சாரம். அந்தியோகஸ் அதை ஏற்றுச் சமாதானம் செய்தார். யூதிடெமஸின் வழியில் வந்தவர்கள்தான் அந்த அறிவுரையை மறந்தார்கள்.

யூதிடெமஸின் மகன் டெமெட்ரியஸ் இந்துகுஷ் தாண்டித் தெற்கே வந்தார். சில ஆண்டுகளில் யூக்ரடைடிஸ் என்பவர் பாக்திரியாவைக் கைப்பற்ற, கிரேக்கரே கிரேக்கரோடு போரிட்டனர். 169 கிராம் எடையில் தங்கக் காசு அடித்தவர் யூக்ரடைடிஸ். பண்டைக்காலத் தங்கக் காசுகளில் நமக்குக் கிடைத்தவற்றுள் அதுவே மிகப் பெரியது. அந்தச் செல்வம் அவரைக் காக்கவில்லை. பெற்ற மகனே அவரைக் கொன்று, அவர் குருதியின்மீது தேரோட்டி, அடக்கம் செய்யவும் மறுத்தான் என்கிறார் ஜஸ்டின். மேற்கு மாவட்டங்களைப் பார்த்தியர் பறித்தனர். ஆமு தரியா கரையில் நாடக அரங்கும் உடற்பயிற்சிக் கூடமுமாக விளங்கிய ஐ-கானும் நகரம் கி.மு. 145 அளவில் அழிந்தது. நாடோடிகளான சகரும் யூசியும் உள்ளே புகுந்தனர். அவர்கள் வந்ததால்தான் அரசு விழுந்தது என்று எழுதுவது வழக்கம். என் பார்வையில் அவர்கள் தள்ளியது ஏற்கெனவே உள்ளிருந்தே திறந்துவிட்ட கதவை.

வடக்கே பாக்திரியா போன பின்னும் மலைக்குத் தெற்கே யவன அரசு நூற்றைம்பது ஆண்டுகள் நீடித்தது. அதன் பெருமன்னர் மினாண்டர். சாகலத்தில் நாகசேனரோடு அவர் நடத்திய உரையாடலாகவே பாலி மொழியின் மிலிந்த பன்ஹா அமைந்திருக்கிறது. அவர் இறந்ததும் நகரங்கள் அவருடைய சாம்பலைப் பங்கிட்டு நினைவிடங்கள் எழுப்பின என்கிறார் புளூடார்க். படையெடுப்பாளனின் சாம்பலுக்கு எந்த ஊரும் போட்டியிடாது.

1938இல் டபிள்யூ. டபிள்யூ. டார்ன் இந்த அரசை கிரேக்க உலகின் ஓர் அங்கமாக எழுதினார். 1957இல் ஏ. கே. நாராயண் அதை மறுத்து, இது இந்திய வரலாற்றின் பகுதி என்றார். நான் நாராயண் பக்கம். காரணம் காசுகள். ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் கரோஷ்டி எழுத்தில் பிராகிருதம் என்று இவர்கள் அச்சிட்டார்கள். அவர்களில் ஒருவரான அகதோகிளிஸ் ஒருபடி மேலே போய் பிராமியிலும் பொறித்தார். அவருடைய வெள்ளிக் காசுகளில் வாசுதேவனும் பலராமனும் நிற்கிறார்கள். சந்தையில் காசைக் கையில் வாங்குபவனின் மொழியிலும் அரசன் பெயர் இருக்க வேண்டும் என்று நினைத்த ஆட்சி இது.

காசில் இருமொழி பொறித்த அந்த முடிவின் பயனைத் தில்லியே அனுபவித்தது. ஃபெரோஸ் ஷா துக்ளக் தோப்ராவிலிருந்து கொண்டுவந்து நிறுத்திய அசோகர் தூணின் எழுத்தை அன்றைய பண்டிதர்களால் வாசிக்க முடியவில்லை. 1836இல் கிறிஸ்டியன் லாசன், அகதோகிளிஸ் காசின் கிரேக்கப் பக்கத்தைத் துணைகொண்டு பிராமி எழுத்துகள் சிலவற்றை வாசித்தார். 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமியை முழுமையாக வாசித்தார். தில்லித் தூண் பேசியது. கரோஷ்டியைத் திறந்ததும் இதே இருமொழிக் காசுகள்தான். மாங்குளம் குகைக் கல்வெட்டையும் கீழடிப் பானையோட்டையும் இன்று நாம் வாசிப்பது பிராமி வாசிப்பில் தொடங்கிய வழியில்தான்.

கடைசி யவன அரசரான ஸ்டிராட்டோ கிழக்குப் பஞ்சாபில் கி.பி. 10 வாக்கில் மறைகிறார். மதுராவின் சகர் இன ஆளுநர் ராஜுவுலா, அவருடைய காசைப் போலவே தன் காசை அடித்தார். மதுரா அருகே மகேராவில் கிடைத்த கல்வெட்டு, ஒரு வணிகனின் தாய் கிணறும் குளமும் அமைத்ததைச் சொல்கிறது. அதிலுள்ள காலக்குறிப்பு, யவன அரசின் 116ஆம் ஆண்டு. ஊர்க் கிணற்றுக்கு ஆண்டு சொல்லவும் மக்கள் இந்த அரசைத்தான் நினைத்திருக்கிறார்கள்.

இந்தோ-கிரேக்கரின் வெள்ளிக்காசு மரபு மேற்குச் சத்ரபர் வழியாகத் தெற்கே இறங்கியது. சாதவாகனர் தங்கள் முகம் பொறித்த வெள்ளிக்காசில் ஒரு பக்கம் பிராகிருதமும் மறுபக்கம், ஆர். நாகசாமி வாசித்தபடி, தமிழும் பொறித்தனர்.

புதிய அருங்காட்சியகத்தில் இந்தக் காசுகளை அலெக்சாண்டர் படையெடுப்பின் பின்னிணைப்பாக வைக்க வேண்டாம். அகதோகிளிஸின் காசை அசோகர் கல்வெட்டின் படியெடுப்புக்கு அருகிலும், அதற்கடுத்துச் சாதவாகனரின் தமிழ்க் காசையும் வைக்கட்டும். மூன்றுக்கும் விளக்கக் குறிப்புகள் தமிழிலும் வேண்டும்.