குருவை மறக்கலாமா?

இளையராஜா பாட்டுக் கச்சேரி என்றால் போதும், அல்சூரிலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும் பெங்களூர்த் தமிழர்கள் திரண்டு விடுவார்கள். நல்லதுதான். ஆனால், அந்த இளையராஜா யாரிடம் தொழில் பழகினார் என்று கேட்டால், பதில் சொல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள்?

ஜி.கே.வெங்கடேஷ். 1927-ல் ஐதராபாத்தில் பிறந்தவர். 'கஸ்தூரி நிவாசா', 'பங்காரத மனுஷ்யா' முதலிய ராஜ்குமார் படங்களுக்கு இசை அமைத்தவர். 1976-ல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன், அவரது குழுவில் கிட்டார் வாசித்து, உதவியாளராகவும் இருந்தார் இளையராஜா. தமிழில் 'பொண்ணுக்கு தங்க மனசு' (1973) படத்துக்கும் இசை வெங்கடேஷ்தான். அதன் பாட்டையும் இளையராஜா கணக்கில் எழுதி விடுகிறவர்கள் உண்டு!

ராஜ்குமாருக்கு நெடுங்காலம் குரல் கொடுத்தவர் பி.பி.ஸ்ரீனிவாஸ். 1974-ல் 'சம்பத்திகெ சவால்' படத்தில், எருமை மேல் உட்கார்ந்து வரும் பாட்டை ராஜ்குமாரையே பாட வைத்தார் வெங்கடேஷ். பட்டிதொட்டியெங்கும் அது முழங்கியது. ராஜ்குமார் தம் படங்களில் தாமே பாடும் வழக்கம் அதன் பிறகுதான் வேரூன்றியது. 1977-ல் 'சனாதி அப்பண்ணா'வுக்கு ஷெனாய் வாசித்தவர் பிஸ்மில்லா கான்.

1993-ல் வெங்கடேஷ் காலமானார். கம்பெனி பஸ்ஸில் அவர் பாட்டு ஒலிக்கும்போது, "கன்னடப் பாட்டு, நமக்கென்ன?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக் கொள்கிறார் நம்மவர். தண்ணீர்த் தகராறில் இரு தரப்பும் முறைத்துக் கொண்ட ஊர் இது. பாட்டிலுமா வரப்பு?

தமிழ்ச் சங்கங்கள் அடுத்த இளையராஜா கச்சேரியை அந்த எருமைப் பாட்டோடு தொடங்கட்டும். பக்கத்து வீட்டுக் கன்னடரையும் அழைத்துப் போங்கள். இரண்டாவது அடியை அவரே எடுத்துக் கொடுப்பார்.