நிறுக்கும்போது பார்த்தானா?

செவ்வாய்க்கிழமை மாலை, மழை விட்ட கையோடு தங்கை மகன் வந்தான். தோளில் பள்ளிக்கூட நாளிலிருந்து சுமக்கும் அதே பை. பைக்குள் பொலித்தீன் உறையில் சுற்றிய அட்டைப் பெட்டி. "வொரண்டி இல்லையாம் மாமா" என்றான். அதற்கு மேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை. இந்த வாரம் முழுக்க என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த மூன்று சொல்தான்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, படம் வடிவமைக்கும் வேலை கற்றுச் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று, கணினி ஒன்றைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்துக்கொண்டிருக்கிற பிள்ளை அவன். தீபாவளிக்குக் கேசிங். பொங்கலுக்கு ரம் இரண்டு. கடைசியாக மதர்போர்டும் புரொசெசரும். மதர்போர்ட் மட்டும் 36,450 ரூபாய். அவனுடைய அம்மா, என் தங்கை, அந்தக் காசைச் சேர்த்த மாதங்களில் தோட்டத்தில் நாள் சம்பளம் 1,350 ரூபாய். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிடிப்பு ஒன்றும் இல்லாமல் முழுதாகக் கையில் கிடைத்திருந்தால் சரியாக 27 நாள் பேர், அதாவது 27 நாள் முழுக் கூலி.

8 ஜிபி ரம் இரண்டு பூட்டினால் 16 காட்ட வேண்டும். 8தான் காட்டியது. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறான். எதைப் போட்டாலும் ஒரு பக்கம் மட்டும் உயிரில்லை. வாங்கி ஒன்பதாம் நாள் கடைக்குக் கொண்டுபோனான். கடையில் புரொசெசரைக் கழற்றி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, போனில் ஒரு படமும் எடுத்துவிட்டுச் சொன்னார்களாம்: "தம்பி, பின் ஒண்டு வளைஞ்சிருக்கு. இது பிசிக்கல் டெமேஜ். கொம்பனி எடுக்காது. நாங்க ஒண்டும் செய்ய ஏலாது."

எனக்கும் காட்டினான். மேசை விளக்கின் கீழ் பலகையை வைத்து, போன் டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னச் செவ்வகம். அதற்குள் பொன்னிறத்தில் 1,700 பின்கள், ஒன்றுபோல ஒரே பக்கம் சாய்ந்து நிற்கின்றன. அந்த வகைச் சொக்கெட்டின் பெயரே எல்ஜிஏ 1700. வெளிச்சத்தை மெல்ல நகர்த்தும்போது எல்லாப் பின்னும் ஒருசேர மினுங்கின. ஓரத்துக்கு அருகே ஒன்று மட்டும் மினுங்கவில்லை. தலை குனிந்து பக்கத்துப் பின்னின் மேல் படுத்திருந்தது. ரம்மோடு பேசுகிற பின்களில் ஒன்று அது. பாதி நினைவகம் காணாமல் போனது அதனால்தான்.

ஒரு காலத்தில் பின்கள் புரொசெசரின் அடியில் இருந்தன. 2004இல் இன்டெல் எல்ஜிஏ 775 என்ற வகையைக் கொண்டுவந்தபோது அவை மதர்போர்டுக்கு இடம் மாறின. 2022இல் ஏஎம்டியும் சாதாரண மேசைக் கணினிகளில் அதே வழிக்கு வந்தது. அதனால் இன்றைக்குக் கணினிப் பெட்டிக்குள் மிகவும் மென்மையான இடம் மதர்போர்டில்தான் இருக்கிறது. அதை மூடிக் காப்பது ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடி.

என் மருமகனின் கை தவறவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அவனும் சொல்லவில்லை. ஆனால் நடந்ததை முழுதாகச் சொல்லவேண்டும். கடையில் பெட்டியைத் திறந்தார்கள். தொடரிலக்கத்தைப் பில்லில் எழுதவும் கடையின் ஸ்டிக்கரை ஒட்டவும் மேசைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்த் திறந்து மூடினார்கள். கறுப்பு மூடியை யாரும் தூக்கிப் பார்க்கவில்லை. அவன் பில்லில் கையெழுத்துப் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ரத்தோட்டை ஏறினான். தொழிற்சாலையிலா, கப்பலிலா, கொழும்பு மொத்த வியாபாரியின் களஞ்சியத்திலா, கடையிலா, பஸ்ஸிலா, அவன் விரலிலா, எங்கே வளைந்தது அந்தப் பின்? யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாத அந்தச் சேதத்துக்கு 27 நாள் பேர் கொடுத்தவள் என் தங்கை.

பில்லின் பின்பக்கத்தை வாசித்தேன். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் பழைய புண் எது என்று தெரியும்: நாம் வாசிக்க முடியாத தாளில் நாம் போடும் கையெழுத்து. மருந்துப் பெட்டிக்குள் மடித்திருக்கும் தாளைப் பற்றி எழுதினேன். வங்கியின் பிணைப் படிவத்தைப் பற்றி எழுதினேன். லீசிங் ஒப்பந்தத்தைப் பற்றி இரண்டு வாரம் எழுதி, "போதும் விடுங்கள்" என்று வாசகர்களே சொன்னார்கள். விடமுடியவில்லை. இந்தப் பில்லும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, கடுகு எழுத்தில். சிப் எரிந்திருந்தால் இல்லை, பௌதிகச் சேதம் இருந்தால் இல்லை, துருப்பிடித்தால் இல்லை, மின்னல் அடித்தால் இல்லை, ஸ்டிக்கர் கிழிந்தால் இல்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி: ஓர் ஆண்டு என்றால் 350 நாள். நம் நாட்டில் கணினிக் கடை பில் பார்த்தவர்களுக்கு இந்த 350 புதிதல்ல. தமிழ் 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் இந்த நாட்டின் அரச கரும மொழியும் ஆயிற்று. அரசாங்கப் படிவத்தில் தமிழ் இல்லையென்றால் கேட்க ஒரு சட்டம் இருக்கிறது. தனியார் கடையின் பில்லில் இல்லையென்றால் கேட்க நாதியில்லை. அந்த 350 நாள் கணக்கைத் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் அச்சடித்து மேசையில் வைத்தால், கையெழுத்துப் போடுமுன் எத்தனை பேர் நின்று ஒரு கேள்வி கேட்பார்கள்!

இந்த வாரம் நான் எழுத நினைத்தது, இப்படிப்பட்ட நிலையில் என்ன செய்யலாம் என்பதைத்தான். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நமக்கு 1896ஆம் ஆண்டிலிருந்தே பொருள் விற்பனைச் சட்டம் இருக்கிறது. 1893இல் பிரித்தானியாவில் வந்த சட்டத்தைப் பார்த்து எழுதியது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. 1977 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்ப இல்லாத பொருளைப் பற்றி எழுத்தில் முறையிடலாம். ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். ஒரு வருட வொரண்டியோடு வாங்கிய பொருள் பத்தாம் மாதத்தில் பழுதானால் இந்த வாசல் அப்போதே சாத்தியிருக்கும். ஆகவே காத்திருக்க வேண்டாம், பில்லின் நகலோடு உடனே எழுதுங்கள். பிரித்தானியாவில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது கொடுத்த நாளிலேயே இருந்ததாகத்தான் பொதுவாகக் கொள்வார்கள். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடைக்காரர். பழைய சட்டத்தை அங்கிருந்து எடுத்துக்கொண்ட நாம் இந்தப் பாதுகாப்பை எடுத்துக்கொள்ளவில்லை. நம்மிடம் நிரூபிக்க வேண்டியவன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவன்.

இதையெல்லாம் விரித்து எழுதலாம் என்று உட்கார்ந்தபோதுதான் அம்மா கேட்டார். மூலையில் கட்டிலில் உட்கார்ந்து எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர். மதர்போர்ட் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. அவர் கேட்டது ஒரே கேள்வி:

"ஏன்டா, நிறுக்கும்போது இவன் பாத்தானா?"

அதற்குப் பிறகு எனக்குச் சட்டம் எழுத ஓடவில்லை.

அம்மா முப்பத்தொரு வருடம் கொழுந்து எடுத்தவர், ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில். காலைக் கொழுந்து, பகல் கொழுந்து, அந்திக் கொழுந்து என்று நாளுக்கு மூன்று நிறுவை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தொங்குதராசு. அம்மாவுக்குப் பின்னால் வரிசையில் நாற்பது பேர். அட்டை கடித்த காலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, இடுப்பில் படங்கோடு, சாக்கைத் தலையிலிருந்து இறக்காமல் நிற்பார்கள். முறை வரும்போது சாக்கைக் கொக்கியில் மாட்டுவார்கள். முள் ஆடும். ஆடி நிற்குமுன்னே கணக்கப்பிள்ளை ஒரு எண்ணைச் சொல்லி எழுதிவிடுவார். அந்த எண்ணிலிருந்து சாக்குக்கு ஒரு கழிப்பு. மழை நாளென்றால் ஈரத்துக்கு இன்னொரு கழிப்பு. எங்கள் தோட்டத்தில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப் பேர். பத்தொன்பதரை எடுத்தவளுக்கு ஈரத்தில் இரண்டு போனால் அரைப் பேர்தான்.

சிறு வயதில் நான் அம்மாவைக் கேட்டிருக்கிறேன்: "கொழுந்த நனைச்சது மழதானம்மா? அதுக்கு ஏன் ஒனக்கு வெட்டுறாங்க?" அம்மா பதில் சொன்னதில்லை. அந்தக் கேள்வியைத்தான் நான் இப்போது வேறு சொல்லில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கொழுந்தை மழை நனைத்தது. பின்னை யாரோ, எதுவோ வளைத்தது. யார் மேலும் பழி போட முடியாத நட்டம் ஒன்று நடந்தால், அது தோட்டத்தின் கணக்கில் ஏறுவதில்லை, கம்பனியின் கணக்கில் ஏறுவதில்லை, வரிசையில் கடைசியாக நிற்பவளின் தலையில் இறங்குகிறது. கடைக்காரரைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. பழுதான பலகையை அவர் மொத்த வியாபாரிக்கு அனுப்பினால் இதே படத்தைக் காட்டி அவருக்கும் இதே பதிலைத்தான் சொல்வார்கள். அவரும் ஒரு வரிசையில்தான் நிற்கிறார்.

அம்மா என்ன செய்தார் என்பதைத்தான் நான் எழுத வேண்டும். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் தராசின் எண்கள் தெரியும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது, அடுப்பங்கரைத் தரையில் கரித்துண்டால் வட்டம் போட்டு, ஒன்று முதல் முப்பது வரை என்னிடம் எழுதி வாங்கிக் கற்றுக்கொண்டார். பிறகு மடுவத்தில் ஒரு பழக்கத்தை ஆரம்பித்தார். சாக்கை மாட்டியதும் கையை எடுத்துவிட்டு ஒரு எட்டு பின்னால் போய் நிற்பார். முள் நிற்கும் வரை பார்ப்பார். கணக்கப்பிள்ளை வாய் திறக்குமுன் உரத்துச் சொல்வார்: "பத்தொன்பதரை!"

சண்டை போடுகிற குரலல்ல அது. கடையில் அரிசி அளக்கும்போது எண்ணிச் சொல்கிற குரல்தான். பின்னால் நிற்கும் பெண் அதைத் திருப்பிச் சொல்வாள். அவளுக்குப் பின்னால் நிற்பவளும் சொல்வாள். நாற்பது பேர் கேட்ட எண்ணைக் குறைத்து எழுத எந்தப் பேனாவுக்கும் கை வராது. கழிப்பு நின்றுவிடவில்லை. ஆனால் எதிலிருந்து எவ்வளவு கழித்தார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்தது. "ரெண்டு ஈரத்துக்கு" என்று கணக்கப்பிள்ளை வாயால் சொல்லியே ஆகவேண்டி வந்தது. சொல்லிக் கழிப்பதற்கும் சொல்லாமல் கழிப்பதற்கும் நடுவில் எங்கள் வீட்டில் மாதம் மூன்று நாலு பேர் வித்தியாசம் இருந்தது. அந்தக் காசில்தான் நான் மாத்தளைப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறினேன்.

தோட்டத்து நம் ஆட்களின் முழுக் கதையும் இதுதான் என்று சில நேரம் தோன்றும். மன்னாரில் இறங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள். ஒரு கொழுந்து கிள்ளுமுன்பே வழிச் செலவு அவர்கள் பேரில் கடனாக ஏறியிருந்தது. எழுதியவர் கங்காணி. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகக் கடன் தொகை எழுதிய "துண்டு" வேண்டும். 1921இல் சட்டம் போட்டுத்தான் அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். அந்தத் தாள்களில் என்ன எழுதியிருந்தது என்று பேருக்குரியவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? கணக்கை ஒருவர் எழுத, பாரத்தை இன்னொருவர் சுமந்தார். இன்றைக்கு டிஜிட்டல் தராசு வந்துவிட்டது, எண் சிவப்பாக எரிகிறது. வியாபாரத்துக்குப் பயன்படும் தராசைப் பரிசோதித்து முத்திரை குத்த 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. ஆனாலும் அந்தத் திரை யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

அம்மாவின் கேள்விக்கு மருமகன் பதில் சொன்னான்: "இல்ல அம்மாயி. அவங்க அந்தப் பக்கம் வச்சுத் திறந்தாங்க."

"அப்ப ஒன் கிட்ட சாட்சி இல்ல" என்றார் அம்மா. அவனைத் திட்டவில்லை. தலையைத் தடவிக் கொடுத்தார்.

புதன்கிழமை அதிகார சபைக்குக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் போட்டோம். வியாழக்கிழமை மாத்தளை திருகோணமலை வீதியில் போன் திருத்தும் ஒரு இளைஞனிடம் கொண்டுபோனோம். நுணுக்குக்காட்டியின் கீழ் பலகையை வைத்து, ஊசி முனையால் அந்த ஒரு பின்னை மூச்சை அடக்கிக்கொண்டு நிமிர்த்தினான். இருபது நிமிடம். 2,000 ரூபாய். வீட்டில் பூட்டிப் பார்த்தபோது 16 காட்டியது. பின் நிமிர்ந்துவிட்டது என்பதற்காக அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறமாட்டேன். அடுத்த பிள்ளைக்கு அந்த இளைஞன் கிடைக்காமல் போகலாம்.

சனிக்கிழமை பவர் சப்ளை வாங்கப் போனான். நானும் போனேன். பெட்டியை மேசைக்கு அந்தப் பக்கம் எடுத்துப் போகத் தொடங்கிய பையனிடம், "அண்ணன், இங்கேயே திறப்போம்" என்றான். திறந்தார்கள். வயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான், போனில் படம் எடுத்தான். பிறகு பெட்டியைத் தன் பக்கம் திருப்பி, தொடரிலக்கத்தை ஒவ்வொரு எழுத்தாக உரத்து வாசித்தான். கடைப் பையன் எழுதினான். எழுதி முடித்த பில்லை வாங்கி மறுபடியும் வாசித்தான்.

"அண்ணன், ஏழாவது இலக்கம் எட்டு. நீங்க மூணு போட்டிருக்கீங்க."

பையன் பார்த்தான், வெட்டித் திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தான்.