கறுப்பைக் கறுப்பாகவே அச்சிடுவோம்: ஓர் ஒளிப்பட இயக்கத்தின் கொள்கைப் பிரகடனம்

நாங்கள் சம்பளத்துக்குப் படம் எடுப்பவர்கள் அல்ல. வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் மருந்துக்கடையிலும் மென்பொருள் கம்பெனியிலும் வாரமெல்லாம் வேலை பார்த்துவிட்டு, ஞாயிறு விடியுமுன் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு காசிமேட்டுக்கும் பழவேற்காட்டுக்கும் கிளம்புகிறவர்கள். விடுப்பு கிடைத்தால் குலசை தசராவுக்கும் மேல்மலையனூர் மயானக் கொள்ளைக்கும் போவோம். எங்கள் படத்துக்காக எந்தப் பத்திரிகையும் காத்திருக்கவில்லை. கஸ்டமர் கேட்டார், அதனால் செய்தேன் என்று சாக்குச் சொல்ல எங்களுக்கு வழியில்லை. எங்கள் படத்தில் என்ன இருந்தாலும், என்ன இல்லாமல் போனாலும், பொறுப்பு எங்களுடையது. அந்தப் பொறுப்பை எப்படி ஏற்கப்போகிறோம் என்பதை இங்கே எழுதிவைக்கிறோம்.

கலை ஒளிப்படம் என்ற பெயரில் நம் ஊரில் இன்று குவியும் படங்களைப் பாருங்கள். வெள்ளைத் தாடி வைத்த ஒரு முதியவர். சுருக்கங்கள் ஒவ்வொன்றும் கன்னங்கரேலென்று இறங்கியிருக்கின்றன. தோல் உலோகமாக மினுங்குகிறது. பின்னால் எங்கிருந்தோ ஓர் ஒளிக்கற்றை. மேலே செக்கச்சிவந்த வானம், போன மாதம் வேறொருவர் படத்தில் வேறோர் ஊருக்கு மேல் நின்ற அதே வானம். இதை எடுத்தவருக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்று சொல்ல முடியாது, நன்றாகவே தெரியும். அந்த முதியவர் யார், அன்று வெயில் எப்படி அடித்தது என்பதுதான் படத்தில் இல்லை.

எடிட்டே கூடாது என்று சொல்ல நாங்கள் வரவில்லை. ‘நோ எடிட்’ என்று பெருமையோடு போட்டுக்கொள்ளும் படமும் எடிட் ஆன படம்தான். சென்சாருக்கு நிறம் தெரியாது. அதன் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலத்தில் ஏதாவது ஒரு வடிகட்டி உட்கார்ந்திருக்கிறது. கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. விடுபட்ட நிறங்களைப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கேமரா கணக்குப் போட்டு நிரப்புகிறது. 14 பிட் ரா ஃபைலில் ஒரு நிறத்துக்கு 16,384 படிகள் உண்டு, ஜேபெக்கில் 256. அத்தனை படிகளில் எதை வைப்பது, எதைத் தள்ளுவது, மாலை வெயிலின் மஞ்சளை எவ்வளவு குறைப்பது என்பதை எங்கோ ஒரு எஞ்சினியர் முன்கூட்டியே முடிவு செய்து கேமராவுக்குள் வைத்துவிட்டார். அவர் தூத்துக்குடி உப்பளத்தில் நின்றவர் அல்ல. நின்றவர்கள் நாங்கள். அந்த முடிவை அவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்வதற்குத்தான் எங்களுக்கு எடிட் வேண்டும்.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்துக்கு மேலே எழுந்த நிலவை எடுத்தார். அவசரத்தில் ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் பிரகாசம் எவ்வளவு என்பது மனப்பாடமாக இருந்ததால், அதை வைத்தே எக்ஸ்போஷரைக் கணக்கிட்டார். அதன்பின் பல பத்தாண்டுகள் அந்த ஒரே நெகட்டிவைத் திரும்பத் திரும்ப அச்சிட்டார். ஆரம்பகால அச்சுகளில் வானம் சாம்பல், மேல்மேகம் தெரியும். பிற்கால அச்சுகளில் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. 1948-இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை ரசாயனத்தில் நனைத்து அடர்த்தியைக் கூட்டவும் செய்தார். இத்தனை செய்தவர் அந்த இடுகாட்டின் சிலுவை ஒன்றைக்கூட இடம் மாற்றவில்லை, நிலவை ஊதிப் பெரிதாக்கவில்லை. எங்கள் எல்லைக்கோடு அங்கேதான் விழுகிறது. ஒளியை ஏற்றுவோம், இறக்குவோம், ஓரத்தை இருட்டாக்குவோம், முகத்தைத் தூக்கிக் காட்டுவோம். ஒளி விழுந்த பொருளில் கை வைக்க மாட்டோம்.

வானத்தை மாற்றுவது பழைய வழக்கம்தானே என்று சிலர் கேட்பார்கள். பழைய வழக்கம்தான். கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரையையும் தஞ்சாவூரையும் மெழுகுக் காகித நெகட்டிவில் பதிந்தார். பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 அச்சுகளாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கிய மனிதர். அவர் தம் நெகட்டிவ்கள் பலவற்றில் மேகங்களை வண்ணம் தொட்டு வரைந்தார். அன்றைய ரசாயனத்தில் நீல ஒளி மட்டும் மிதமிஞ்சிப் பதிவாகும். கோயில் கல் பதிவாகி முடிவதற்குள் வானம் வெளுத்து வெறுமையாகிவிடும். அதே காலத்தில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று இரண்டைச் சேர்த்து அச்சிட்டதற்கும் காரணம் அதுதான். கண் கண்டதை நெகட்டிவ் தர மறுத்தது, அவர்கள் கையால் ஈடுகட்டினார்கள். 2020-இல் ஃபோட்டோஷாப்பில் ஒரே சொடுக்கில் வானத்தை மாற்றும் வசதி வந்தது. அது ஈடுகட்டும் குறை எது? நம் கேமராவுக்கு மேகம் தெரியும். பழவேற்காட்டில் மார்கழி வானம் சாம்பலாக இருந்தால் சாம்பலாகவே இருக்கட்டும். படகை இறக்குவதா வேண்டாமா என்று அந்தச் சாம்பலைப் பார்த்துத்தான் மீனவர் முடிவெடுக்கிறார்.

இனி நாங்கள் கூடியதற்கான காரணத்துக்கு வருகிறோம்.

நம் தோலின் நிறம் கேமராவுக்குள்ளும் எடிட்டிலும் படும் பாட்டைப் பற்றி நம் சங்கங்களில் யாரும் பேசுவதில்லை. ஸ்டுடியோக் காலத்திலேயே இது தொடங்கிவிட்டது. முகத்தில் பவுடர் அப்பி விளக்கைப் போட்ட பிறகும் போதாதென்று, டச்சிங் செய்பவர் நெகட்டிவில் முகம் விழுந்த இடத்தைக் கூரிய பென்சிலால் நிரப்புவார். நெகட்டிவில் பென்சில் ஏற ஏற அச்சில் முகம் வெளுக்கும். கலர் ஃபிலிம் வந்தபோது நிறத்தைச் சரிபார்க்க லேப்களுக்கு கோடாக் அனுப்பிய அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தார். ‘ஷெர்லி கார்டு’ என்றே அதற்குப் பெயர். அடர்ந்த பழுப்பு நிறங்கள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்கின்றன என்ற புகாரைச் சாக்லேட் கம்பெனிகளும் மர நாற்காலி விற்பவர்களும் சொன்ன பிறகே ஃபிலிம் திருந்தத் தொடங்கியது என்று, கோடாக்கில் வேலை பார்த்தவர்களே பிற்பாடு ஆய்வாளர் லோர்னா ராத்திடம் சொன்னார்கள். மனிதர்களின் முகத்துக்காக அது நடக்கவில்லை என்பது எங்களுக்கு இன்றும் வலிக்கிறது.

இப்போது பென்சில் போய் ஸ்லைடர் வந்திருக்கிறது. கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணின் தோல் வெளுத்து வழுவழுவென்று ஆகிறது. கலைப் படத்தில் அதற்கு நேர்மாறு: உழைக்கும் மனிதர் என்றால் கிளாரிட்டியை எல்லை வரை தள்ளி, கரியாக்கி, ஒவ்வொரு ரோமக்காலையும் பிதுக்கிக் காட்டுகிறார்கள். பணம் கொடுத்தவர் வெளுக்கிறார், கொடுக்காதவர் கருகுகிறார். இரண்டிலும் அந்த மனிதரின் நிறம் காணாமல் போகிறது.

உப்பளத்தை எடுத்துக்கொள்வோம். காலை ஒன்பது மணி. பாத்தி முழுக்க வெள்ளை. பலகையால் உப்பை வாரிக் கூட்டிக்கொண்டிருக்கிறார் ஓர் அம்மா. தலையில் துண்டு, சேலைக்கு மேல் ஆண் சட்டை. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பல் என்றே நினைக்கும். இந்த வெள்ளையைப் பார்த்து மிரண்டு எக்ஸ்போஷரைக் குறைத்துவிடும். உப்பு அழுக்காகும், அம்மாவின் முகம் வெறும் நிழலாகும். ஆகவே எடுக்கும்போதே ஒரு ஸ்டாப் கூட்டுவோம், உப்பின் பரல்கள் வெளுத்துப் போகாத அளவுக்கு மட்டும். அதன்பின் ரா ஃபைலில் முகத்துக்கு மட்டும் பிரஷ் போட்டு அரை ஸ்டாப் தூக்குவோம். முகத்தின் கீழ்ப்பக்கம் உப்பிலிருந்து எதிரொளித்த வெளிச்சம் தாடையிலும் மூக்கின் அடியிலும் விழுந்திருக்கும். அது உப்பளத்துக்கே உரிய ஒளி, வேறெங்கும் கிடைக்காது. அதை அழிக்க மாட்டோம். கிளாரிட்டியைத் தொட மாட்டோம். வேர்வையின் மினுக்கம் தானே தெரியும். கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் ஆரஞ்சு ஸ்லைடரில் கவனமாக இருப்போம். நம் தோல் எத்தனை அடர்த்தியாக இருந்தாலும் அதன் நிறம் ஆரஞ்சுப் பக்கம்தான் விழும். ஏற்றினால் முகம் சுண்ணாம்பாகும், இறக்கினால் கரியாகும். சரியான இடம் எது என்பதை முகத்தின் அருகில் நின்று பார்த்தவர்தான் சொல்ல முடியும். நாங்கள் நின்று பார்ப்போம்.

‘கொஞ்சம் கலரா வர்ற மாதிரி போடுங்க தம்பி’ என்று அந்த அம்மாவே கேட்பதும் உண்டு. அவரைக் குறை சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. பிறந்ததிலிருந்து அவர் பார்த்த படங்களில் அழகாக இருந்தவர்கள் எல்லோரும் வெளுக்கப்பட்டவர்கள். அவரை நிழலுக்குக் கூப்பிட்டு, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி உட்காரவைத்து இன்னொரு படம் எடுப்போம். அடர்ந்த நிறத்தின் மேல் ஒளி எப்படி வழுக்கி ஓடுகிறது என்பதை மேக்ஸி சைஸ் பிரிண்டாக அவர் கையில் கொடுப்போம். அப்போதும் அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அவர் வீட்டுக்கான படம் அவர் விருப்பப்படி. எங்கள் கண்காட்சிச் சுவருக்கு மட்டும் வெளுத்த படம் போகாது; அவருக்கு ஒப்பாத படமும் போகாது.

சலூன் எனப்படும் சர்வதேச ஒளிப்படப் போட்டிகளின் ‘நேச்சர்’ பிரிவுக்கு ஒரு விதி உண்டு. சர்வதேச ஒளிப்படக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.பி., அமெரிக்காவின் ஒளிப்படச் சங்கமான பி.எஸ்.ஏ., பிரிட்டனின் ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டி ஆகிய மூன்றும் சேர்ந்து ஒப்புக்கொண்டது. கிராப் செய்யலாம், மற்றபடி படத்தில் எதையும் சேர்க்கவோ நகர்த்தவோ நீக்கவோ கூடாது. கொக்கின் காலடியில் கிடக்கும் குச்சியை அழித்தால் படம் தள்ளுபடி. அதே சலூனின் பொதுப் பிரிவில் ஒரு மனிதரின் முகத்தை என்ன வேண்டுமானாலும் செய்யலாம், பதக்கமும் வாங்கலாம். கொக்குக்குக் கிடைத்திருக்கும் மரியாதையை மனிதருக்கும் கேட்கிறோம். எங்கள் இயக்கத்தின் மொத்தக் கோரிக்கையும் இதற்குள் அடங்கிவிடும்.

சட்டகம் பற்றியும் இதே மனதோடுதான் பேசுகிறோம். மூன்றில் ஒரு பங்கு என்ற விதிக்கு 1797-இல் பெயர் வைத்தவர் ஜான் தாமஸ் ஸ்மித். நாட்டுப்புற நிலக்காட்சி ஓவியம் பற்றி ஆங்கிலேய வாசகர்களுக்கு அவர் எழுதிய நூலில் அது ஒரு யோசனை. நம் போட்டிகளில் அது சட்டமாகிவிட்டது, போன் திரையிலேயே கோடு போட்டு வந்துவிட்டது. மயிலாப்பூர் அறுபத்துமூவர் அன்று மாடவீதியில் நின்று பாருங்கள்: சப்பரம், குடை, தோளில் குழந்தை, நீர்மோர் டம்ளர் நீட்டும் கை, மாடியில் எட்டிப்பார்க்கும் பாட்டி. ஓரம் வரை நிரம்பி வழியும் சட்டகம்தான் அந்த வீதிக்கு நியாயம் செய்யும். காலியிடம் வேண்டுமென்று அடம்பிடிப்பவர் அங்கே எடுக்கும் படத்தில் திருவிழா இருக்காது.

இன்னொரு நோய், காலமே இல்லாத கிராமம். பச்சை பிளாஸ்டிக் குடம், ஃபிளெக்ஸ் பேனர், செல்போன் டவர், சுவரில் சாய்ந்த பைக் எல்லாவற்றையும் குளோன் செய்து அழித்துவிட்டு, ஓலைக்குடிசையையும் மண்பானையையும் மிச்சம் வைக்கிறார்கள். குலசையில் விரதமிருந்து காளி வேடம் கட்டியவர் கடற்கரையில் போனில் பேசிக்கொண்டிருந்தால் போனை அழிக்கிறார்கள். அவர் போனோடு இருக்கும் காளி. அவர் பக்திக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. அந்த பிளாஸ்டிக் குடத்தைச் சுமந்து தண்ணீருக்கு நடக்கும் பெண்ணுக்கு அது பாரம், நமக்கு மட்டும் அது இடைஞ்சலா? சட்டகம் என்றாலே சிலவற்றை வெளியே விடத்தான் வேண்டும், மறுக்கவில்லை. கிராப்பையும் நாங்கள் பாவமாக நினைக்கவில்லை. கிராப்பே பிடிக்காத ஒளிப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெஸ்ஸோனின் புகழ்பெற்ற 1932 சான்-லசார் ரயில் நிலையப் படம்கூட, வேலியின் சந்து வழியே எடுத்து ஓரம் வெட்டப்பட்டதுதான். வேண்டாததை நடந்து ஒதுக்கலாம், குனிந்து ஒதுக்கலாம், காத்திருந்து ஒதுக்கலாம். இவற்றையெல்லாம் செய்வதற்குள் அந்த இடம் நமக்குக் கொஞ்சம் தெரிந்துவிடும். வீட்டில் உட்கார்ந்து விரலால் அழிக்கிறவருக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை.

பல நெகட்டிவ்களைச் சேர்த்துக் கற்பனைப் படம் செய்வது ஒரு தனிக் கலை. ஒளிப்படக் கலைஞர்கள் ரெய்லேண்டர் 1857-இலும் ராபின்சன் 1858-இலும் அதை வெளிப்படையாகச் செய்தார்கள். அப்படிச் செய்கிறவர்கள் எங்களோடு தாராளமாக வரலாம். படத்தின் கீழே ‘தொகுப்பு’ என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். கூலி கொடுத்து வலை வீசச் சொன்னது, புகை போட்டு ஒளிக்கற்றை வரவழைத்தது, இவற்றையும் எழுத வேண்டும். இயந்திரம் வரைந்து கொடுத்த படத்தைக் கொண்டுவர வேண்டாம்.

கேமரா எது என்று கேட்க மாட்டோம். காட்டுயிர் ஒளிப்படக்காரர் மா. கிருஷ்ணன் பல கேமராக்களின் உதிரிகளைச் சேர்த்துத் தாமே கட்டிய ஒன்றுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்து, அதைத் தூக்கிக்கொண்டு காட்டில் நடந்து, யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். போனில் எடுத்த படமும் எங்களுக்குப் படம்தான்.

இந்த இயக்கத்துக்குத் தலைவர் இல்லை, பதக்கம் இல்லை, பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் எழுத்துகள் இல்லை. சேருகிறவர் இரண்டு வாக்குறுதி தர வேண்டும். சுவரில் மாட்டும் ஒவ்வொரு படத்துக்கும் மூல ஃபைலைப் பத்திரமாக வைத்திருப்பேன், யார் கேட்டாலும் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். படத்தில் இருப்பவரைத் திரும்பக் கண்டுபிடிக்க முடிந்தால் முதல் பிரிண்ட் அவருக்கு.

மாதத்தின் முதல் ஞாயிறு மாலை, அவரவர் ஊரில், கிடைத்த மொட்டை மாடியிலோ நூலகக் கூடத்திலோ கூடுவோம். அச்சிட்ட படம் ஒன்று கொண்டு வாருங்கள், அதன் மூல ஃபைலை பென் டிரைவில் கொண்டு வாருங்கள். முதல் மாதத்துக்கான பொருள்: நம் வீட்டில் இருக்கும் ஒருவரின் முகம், ஜன்னல் வெளிச்சத்தில். முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். படம் அவர் நிறத்தில் இருக்கிறதா என்று அவரைப் பக்கத்தில் நிற்கவைத்தே பார்ப்போம். கட்டணம் கிடையாது.