தொங்கும் கீரைத் தோட்டத்துக்கு மருந்து தோம்பு வேண்டாம்



கொல்லை இருந்த காலத்தில் முருங்கையும் பசளியும் நாம் கேட்காமலே வளர்ந்தன. இன்று பல தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் நாலு அடி இடம் இருந்தாலே பெரிது. அதற்கு அப்பால் செம்பனை. தோட்டம் துண்டாடப்பட்டு அடுக்குமாடி வீட்டுக்குப் போன குடும்பங்களுக்கு அதுவும் கிடையாது. ஆகவே டின்னைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டும், பிளந்த மூங்கிலைச் சுவரோரம் ஒன்றின் மேல் ஒன்றாய்க் கட்டியும் கீரை போடுவதை நான் மனதார ஆதரிக்கிறேன். இரத்தம் குறைந்த கர்ப்பிணிகளுக்கு மாத்திரை கொடுக்கிறோம். மாத்திரையோடு தட்டில் கீரையும் இருக்க வேண்டும். கீரையின் இரும்புச்சத்து உடம்பில் லேசில் சேராது; எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் கூடுதலாய்ச் சேரும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அதுவும் குறைந்து போகும். ஒரு மணி நேரம் பொறுங்கள்.

ஆனால் எதில் நடுகிறீர்கள்? அங்கேதான் எனக்குச் சண்டை.

புல் மருந்து வந்த தோம்பை வெட்டி, ஓட்டை போட்டு, அதில் வெங்காயத் தாள் நடுகிறார்கள். "நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டோம் ஐயா" என்கிறார்கள். பிளாஸ்டிக்கில் ஊறிய விஷம் சோப்புக்கு முழுதாய்ப் போகாது. "செடி செழிப்பா வளருதே, விஷம் இருந்தா பட்டுப் போகாதா?" என்பது அடுத்த கேள்வி. பூச்சி மருந்து பூச்சியைக் கொல்லச் செய்தது; செடியை ஒன்றும் செய்யாது. செடி பிழைத்திருப்பதை வைத்து மனிதனுக்குக் கெடுதல் இல்லை என்று எப்படிச் சொல்வது? பாராகுவாட் மருந்தை நம் நாட்டில் 2020ல் தடை செய்து விட்டார்கள். அதற்காக மற்ற மருந்தெல்லாம் பன்னீர் ஆகிவிடாது. இன்னொன்றும் யோசியுங்கள். வீட்டு வாசலில் தினமும் அந்தத் தோம்பைப் பார்த்து வளரும் பிள்ளை, அதை வீட்டுச் சாமான் என்றுதான் நினைக்கும். நாளைக்கு மருந்து உள்ள தோம்பும் அதற்கு ஒன்றுதான்.

ஜனங்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? ஸ்டோருக்குப் பின்னால் காலித் தோம்புகளைக் குவித்து வைத்தால் ஆள் எடுக்கத்தான் செய்வான். மருந்து கலக்கும்போதே மூன்று தரம் அலசி, அந்தத் தண்ணீரைப் பம்பிலேயே ஊற்றி, தோம்பில் அங்கேயே ஓட்டை குத்திப் பூட்டி வைப்பது நிர்வாகத்தின் வேலை. தோட்டக் கமிட்டி அடுத்த முறை மானேஜரைப் பார்க்கும்போது சம்பளப் பேச்சோடு இதையும் கேட்க வேண்டும்.

நமக்கு வேறு பாத்திரமா இல்லை? மைலோ டின், சமையல் எண்ணெய் டின், ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல், அரிசிப் பை எல்லாம் இருக்கின்றன. போத்தலைப் படுக்க வைத்து, மேல் பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனையிலும் கயிறு கட்டினால் போதும். டின்னின் விளிம்பை மடக்கித் தட்டி விடுங்கள். கையைக் கிழித்துக்கொண்டு ஊசி போட வருகிறவர்கள் இருக்கிறார்கள். வெறும் மண் ஈரமானால் கனக்கும். பாதிக்குத் தேங்காய் நாரும் மக்கிய குப்பையும் கலந்தால் பாரம் குறையும். உத்தரத்தில் கட்டுங்கள், கரண்டுக் கம்பி பக்கம் போக வேண்டாம். தொட்டிலுக்கு மேலேயும் வேண்டாம்.

அடியில் ஓட்டை கட்டாயம். தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாய்ப் பறக்கும். அடியில் தட்டு வைக்காதீர்கள். மேல் டின்னில் வடிவது கீழ் டின்னுக்கே போகட்டும். காலி டின்களை வாரம் ஒரு தரம் கவிழ்த்து உள்பக்கத்தைத் தேயுங்கள், ஏனென்றால் ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். டிங்கி வந்தால் வரிசை வீடு முழுக்க வரும். 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி கொசு வளர்த்தால் அபராதமும் உண்டு.

வெயில் நன்றாய்ப் படும் பக்கம் கங்கோங் விதை போட்டால் ஒரு மாதத்துக்குள் வெட்டலாம். அடியை விட்டு வெட்டினால் மறுபடி தழைக்கும். வெயில் குறைந்த பக்கத்துக்கு வல்லாரையும் புதினாவும். பொன்னாங்கண்ணிக்கு விதையே வேண்டாம், பக்கத்து வீட்டில் நாலு தண்டு கேட்டு வாங்கி ஊன்றுங்கள்.